வெளிநாட்டிலிருந்து பெக்கோ இறக்குகிறீர்களா? கொழும்பில் வைத்தே பாருங்கள்

கொடிகாமத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் நகையை அடகு வைத்து, வெளிநாட்டிலிருந்து பழைய பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) ஒன்றை இறக்கினார். வீட்டு வாசலுக்கு வந்தபோது அதன் கை வளைந்திருந்தது, ஹைட்ரோலிக் குழாய் கிழிந்திருந்தது. கப்பல் ஏஜென்டைக் கேட்டால் லோபெட் லொறியில் (இயந்திரம் ஏற்றும் தாழ்தட்டு லொறி) நடந்திருக்கும் என்றார். லொறிக்காரர் ஏற்றும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். காப்புறுதிக் கந்தோர், இயந்திரத்தை அசையாமல் கட்டிய கட்டு சரியில்லை என்று கைவிரித்தது. ஒரு சதமும் கிடைக்கவில்லை.

கப்பலில் வரும் சரக்குக்குப் பெரும்பாலும் ஹேக்-விஸ்பி விதிகள்தான், அதாவது கப்பற்காரரின் பொறுப்பைச் சொல்லும் சர்வதேச விதிகள். கண்ணுக்குத் தெரியும் சேதத்தைப் பொறுப்பெடுக்கும்போதே கப்பற்காரருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். உள்ளே மறைந்த சேதத்துக்கு 3 நாள். நாள் தவறினால் உரிமை போகாது. ஆனால் பொருள் நல்லபடி கிடைத்ததாகவே கொள்வார்கள், இல்லையென்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

எங்கள் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பொறுப்பெடுப்பது கொழும்புத் துறைமுகத்தில், யாழ்ப்பாணத்தில் அல்ல. ஏ9 வீதி வழியாக ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வந்த பிறகு பார்த்தால் பாதி வழக்கு அப்போதே போய்விட்டது. ஆகவே லோபெட்டில் ஏற்றுமுன் நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ அங்கே நின்று நாலு பக்கமும் படம் எடுங்கள். சேதம் தெரிந்தால் சரக்குச் சேர்வேயரை (சேதத்தைப் பார்த்து அறிக்கை தருபவர்) அங்கேயே கூப்பிடுங்கள்.

அடுத்தது கட்டு. "எல்லாவற்றுக்கும் காப்புறுதி இருக்கு" என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் சரக்குக் காப்புறுதியில் மிக விரிவானதான, வழமையான ஐ.சி.சி. 'ஏ' காப்புறுதியிலும், காப்புறுதி தொடங்குமுன் பொருளைச் சரியாகக் கட்டாததால் வந்த சேதத்துக்குப் பணம் இல்லை. எது சரியான கட்டு? சரக்கை ஏற்றிக் கட்டும் முறை பற்றி 2014இல் வந்த சர்வதேச சி.டி.யு. கோவைப்படி வீதியில் முன்பக்கம் எடையின் 0.8 மடங்கு, பக்கவாட்டில் 0.5 மடங்கு விசையைத் தாங்க வேண்டும். கொந்தளிக்கும் கடலில் பக்கவாட்டுக்கும் 0.8. எட்டுத் தொன் பெக்கோவுக்கு அது 6.4 தொன். அடியில் வைத்த மரப்பலகையின் உராய்வு கொஞ்சம் தாங்கும், மிச்சம் முழுக்கச் சங்கிலிதான் தாங்க வேண்டும். கயிறு காணாது. உற்பத்தியாளர் அடையாளமிட்ட கொளுவிகளில் சங்கிலியைப் பூட்ட வேண்டும், படியிலோ குழாயிலோ சுற்றக்கூடாது. கையையும் பக்கெட்டையும் தரையில் இறக்கித் தனியாகக் கட்ட வேண்டும். டயர் அமுங்கினால் சங்கிலி தளரும், அதனால் லோபெட் கொஞ்சத் தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

அனுப்புபவரிடம் கட்டி முடித்த படங்களைக் கேட்டு வாங்காமல் மிச்சப் பணத்தை விடாதீர்கள். பில் ஒஃப் லேடிங்கையும் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பற்காரர் தரும் பத்திரம்) வாசியுங்கள். "அனுப்புபவரே ஏற்றிக் கட்டியது" என்றிருந்தால் கப்பற்காரர் அதைக் காட்டியே நழுவுவார். "மேற்தளத்தில்" என்று எழுதி, அங்கேயே ஏற்றியும் வந்தால் மேலே சொன்ன விதிகளே பொருந்தாது. முன்கூட்டியே மறுத்துப் பேசுங்கள்.

அப்புறம் கந்தோர் அலைச்சல். "அடுத்த கிழமை வாங்கோ" என்பார்கள், "கொழும்பிலிருந்து பதில் வரவில்லை" என்பார்கள். வழக்குப் போட இருப்பது ஒரு வருடம்தான். அதை நீட்டித்துத் தருவதென்றால் கப்பற்காரர் எழுத்தில் தர வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி ஒரு நாளும் விடாதீர்கள். கடிதம் கொடுத்தால் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.