கை விழுந்தால் கையைத் தேய்க்காதீர்கள்

பெங்களூர் அல்சூரில் 11 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். போன மாதம் ஒரு அம்மாவைக் கூட்டி வந்தார்கள், கே.ஆர். மார்க்கெட்டில் பூ கட்டி விற்கிறவர். காலையில் எழும்போதே வலது கை தூக்க வரவில்லை, வாய் கோணி, பேச்சும் குழறியிருக்கிறது. பக்கத்து வீட்டில் "இது லக்வா (வாதம்), நரம்பு இழுத்துருச்சு" என்று சொல்ல, இரண்டு நாள் தைலம் தேய்த்துவிட்டு, சரியாகாமல்தான் என்னிடம் வந்தார்கள். பார்த்ததுமே பக்கவாதம் (ஸ்ட்ரோக்), அதாவது மூளையில் ரத்தக்குழாய் அடைப்போ கசிவோ என்று தெரிந்தது, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "கைதானே சார் வரல, தலையில எதுக்கு ஸ்கேன்?" என்று மகன் கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை, நம் பேச்சே அப்படித்தான் இருக்கிறது. ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்கிறோம், காலில் புடைத்தால் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம்; இரண்டுமே ரத்தக்குழாய். நரம்பில் ரத்தம் ஓடாது, மின் சைகை ஓடும். மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் (நரம்பு செல்கள்) இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஆக்ஸான் என்று நீளமான வால் உண்டு, அதன் நுனிக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி, அதுதான் சினாப்ஸ், அங்கே ரசாயனம் சைகையைக் கைமாற்றுகிறது. கையை அசைக்கும் கட்டளை மூளையின் மேற்பட்டையில் கிளம்பி, பிடரிக்கு மேலே முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் தாண்டி, அப்புறம்தான் தண்டுவடத்தில் இறங்குகிறது. அதனால்தான் இடது மூளையில் அடைப்பு, வலது கை விழுகிறது. பேச்சும் பெரும்பாலானவர்களுக்கு இடது பக்கம்தான். 1861இலேயே பிரான்ஸில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் பேச்சிழந்த ஒருவரின் மூளையில் அந்த இடத்தைக் காட்டிவிட்டார்.

உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது, சேமித்து வைக்கவும் தெரியாது. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் சாகின்றன என்பது கணக்கு. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதற்குள் ஸ்கேனும் முடிய வேண்டும், ஏனென்றால் அடைப்பா ரத்தக் கசிவா என்று தெரியாமல் அந்த ஊசியைப் போடவே முடியாது. அதனால் முகம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காமல் 108க்கு அடியுங்கள். தானாகச் சரியானாலும் போங்கள்.

அந்த அம்மா இப்போது என்னிடம்தான் பயிற்சிக்கு வருகிறார். செத்த செல் திரும்பாது, ஆனால் மிச்சமுள்ள நியூரான்கள் புது இணைப்பு போடும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் நூலும் மல்லிகையும் கொண்டுவரச் சொன்னேன். நேற்று நாலு பூ கட்டினார்.