பல்நோக்குக் கத்தியா, பல்கருவிக் கத்தியா?

சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் மடக்குக் கத்தியைத் தமிழில் எழுதுகிறவர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் 'பல்நோக்குக் கத்தி' என்கிறார்கள். இப்போது சேலம் கடைவீதியில் ஒரு கண்ணாடிப் பெட்டியின் மேலும் அதையே ஒட்டிவிட்டார்கள். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் வரலாறு, சுருக்கமாக. கார்ல் எல்சனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் பட்டறை தொடங்கினார். 1891-இல் அந்நாட்டுப் படைக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். தகர டப்பா உணவைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும் உதவிய, மரப்பிடி போட்ட கத்தி அது. 1897-இல் பாட்டில் தக்கையைப் பிடுங்கும் தக்கைத் திருகியும் சேர்ந்த 'அதிகாரிகள் கத்தி' வந்தது. அதைப் படை வழங்கவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதை வாங்கிப்போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அதன் ஜெர்மன் பெயர் வாயில் நுழையவில்லை. 'ஸ்விஸ் ஆர்மி நைஃப்' என்பது அவர்கள் வைத்த பெயர். அதைச் 'சுவிஸ் ராணுவக் கத்தி' என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

சண்டை 'பல்நோக்கு' மேல்தான், அங்கே 'பல்கருவி' இருக்க வேண்டும். நோக்கு என்பது கருவியில் இருப்பதில்லை, அதைப் பிடித்திருப்பவர் மனதில் இருப்பது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் போகிறவர் கையில் உள்ள கொடுவாளைப் பாருங்கள். இருப்பது ஒரே அலகு. அதுவே புதரை அறுக்கும், விறகு பிளக்கும், பலாப்பழத்தைப் பிளக்கும், திருப்பிப் பிடித்தால் முளையும் அடிக்கும். பல்நோக்கு என்றால் அதுதான். சுவிஸ் கத்தி இதற்கு நேர் எதிர். ரம்பம் அறுக்க, குத்தூசி துளைக்க, கத்தரிக்கோல் கத்தரிக்க. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை, கருவிகள்தான் பல. ஆங்கிலக்காரர் 'மல்டி டூல்' என்கிறார், அதில் கருவி இருக்கிறது, நோக்கம் எங்கே இருக்கிறது? 'மல்டி' என்று கண்ணில் பட்டதும் அரசு ஆஸ்பத்திரிப் பலகை முதல் கூட்டுறவுச் சங்கம் வரை பார்த்துப் பழகிய 'பல்நோக்கு' கையில் வந்துவிடுகிறது. அகராதியைப் புரட்டும் சிரமம் மிச்சம்.

'பல்கருவி' என்றால் பல் வைத்தியர் சாமான் போலிருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். பல்கலைக்கழகத்தில் யாரும் பல் பிடுங்குவதில்லை. அப்புறம், 'பல்நோக்கு' என்பதிலும் அதே பல்தானே இருக்கிறது?

இது வெறும் சொல் சண்டை இல்லை. மாடல் தெரியாத கத்தி ஒன்று கைக்கு வந்தால் கருவிகளைத்தான் எண்ண வேண்டும். ஏற்காட்டு நண்பர் ஒருவர் பழையதாக ஒன்று வாங்கினார். விற்றவர் பெரிய அலகின் அடியில் பொறித்திருந்த எழுத்தைக் காட்டி, "ராஸ்ட்ஃப்ரை மாடலுங்க, ஒரிஜினல்" என்றாராம். ராஸ்ட்ஃப்ரை மாடல் பெயரே இல்லை, ஜெர்மனில் 'துருப்பிடிக்காதது'. எல்சனர் நிறுவனமான விக்டோரினாக்ஸ் பெயரின் வாலில் உள்ள 'இனாக்ஸ்' பிரெஞ்சில் அதே பொருள். எவர்சில்வர் என்றால் போதும், இரும்பாலை உள்ள சேலத்தில் யாருக்கும் விளங்கும்.

மாடலைக் கண்டுபிடிக்க, மடக்கிய நீளத்தை அளக்க வேண்டும். நண்பர் கத்தி 91 மில்லிமீட்டர். அடுத்து அடுக்குகள்: நான்கு. அலகுகள் ஓர் அடுக்கு, டப்பா, பாட்டில் திறப்பான்கள் ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, ரம்பம் ஒன்று. இதுவரை 'ஹன்ட்ஸ்மேன்' என்றும் சொல்லலாம், 'ஃபீல்டுமாஸ்டர்' என்றும் சொல்லலாம். முதுகுப் பக்கம் திருப்பினால் முடிவு தெரியும். அங்கே தக்கைத் திருகி இருந்தால் ஹன்ட்ஸ்மேன், ஸ்டார் திருப்புளி இருந்தால் ஃபீல்டுமாஸ்டர். அவருடையதில் இருந்தது திருப்புளி. எந்த நோக்கத்துக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் இது கிடைத்திருக்குமா?

இந்த மாடல் பெயர்களையும் விடமாட்டேன் என்கிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். ஹன்ட்ஸ்மேனுக்கு 'வேட்டைக்காரர் கத்தி' என்று ஒரு விற்பனை விளம்பரம் பார்த்தேன். இந்தக் கணக்கில் 'டிங்கர்' என்ற இன்னொரு மாடல் ஈயம் பூசுபவர் கத்தி ஆகிவிடும். மாடல் பெயரை ஒலிபெயர்த்தால் போதும் சாமி. விளையாட்டுச் செய்தியில் ஒரு வீரரை 'அணியின் சுவிஸ் ராணுவக் கத்தி' என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன சொல்வது! ஆல்ரவுண்டர் என்றே எழுதித் தொலைக்கலாம்.

சரி, என்ன சொல் வேண்டும்? பேச்சில் 'மடக்குக் கத்தி' ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'பல்கருவிக் கத்தி'. 1983-இல் டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த வகையில் குறடுதான் தலைவன், கத்தி அதற்குள் ஓர் உறுப்பு. அதைக் கத்தி என்பதே தவறு, 'பல்கருவி' என்று நிறுத்திக்கொள்ளலாம். 'பல்நோக்கு' என்ற சொல்லைக் கொடுவாளுக்கு விட்டுவிடுங்கள்.