மூலக்கூறு அச்சுச் சவ்வு

‘மாலிகுலர்லி இம்பிரின்டட் பாலிமர் மெம்பிரேன்’ என்பது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் வடிவில் குழிகள் விழுந்த, அதைத் தேர்ந்து பிடிக்கும் சவ்வு. இந்த நீண்ட தொடரில் மூன்று சொற்களுக்குத் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. மாலிக்யூல், மூலக்கூறு. சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலியான பாலிமருக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பலபடி என்கின்றன, இலங்கையில் பல்பகுதியம். மெம்பிரேன், உறுப்பு என்று பொருள்படும் லத்தீன் ‘மெம்ப்ரும்’ வழி வந்தது; உறுப்பைப் போர்த்திய மெல்லிய தோல். நம் சவ்வும் அதுதான்.

இம்பிரின்டில்தான் இழுபறி. அதன் வேரான ‘இம்ப்ரிமெரே’க்கு மேலே வைத்து அழுத்துதல் என்று பொருள். ‘பதிவு’ என்று போட்டால் பத்திரப் பதிவு நினைவுக்கு வரும். ‘முத்திரை’ மேலோட்டமான தடத்தோடு நின்றுவிடும். இங்கே விழுவதோ குழி. எனவே ‘அச்சு’ என்பதே என் தேர்வு.

மக்காச்சோளம், கரும்பு வயல்களில் தெளிக்கும் அட்ரசின் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். அதை மெத்தாக்ரிலிக் அமிலத்தோடு கரைப்பானில் கலந்தால், அமில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் அட்ரசினைச் சுற்றிப் பற்றிக்கொள்ளும். அந்த நிலையிலேயே, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப்பிணைப்பான் சேர்த்து, சூட்டாலோ புற ஊதா ஒளியாலோ கலவையை இறுக வைப்பார்கள். பிறகு மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் விட்டுக் கழுவ, அட்ரசின் வெளியேறும்; அதன் வடிவத்துக்கும் பிடிமானத்துக்கும் பொருந்தும் குழிகள் மிஞ்சும். அச்சு வெல்லத்தில் கட்டியை எடுத்துக்கொண்டு மரப்பலகையை மூலையில் சாய்த்துவிடுகிறோம். இங்கே உள்ளிருந்ததைக் கழுவிக் கொட்டிவிட்டு அச்சை வைத்துக்கொள்கிறார்கள்.

1972-இல் ஜெர்மனியின் வேதியியலாளர் குன்ட்டர் வுல்ஃப், அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிரும் வலுவான சகப்பிணைப்பைக் கொண்டு இத்தகைய பலபடிகளைச் செய்தார். மேலே சொன்ன மென்பிணைப்பு வழி, 1980-களில் சுவீடனின் லுண்ட் நகரில் கிளாஸ் மோஸ்பாக் குழுவினரிடம் வளர்ந்தது.

பலபடியைக் கட்டியாக வார்த்தால் இடித்துச் சலிக்க வேண்டும். அதில் குழிகள் பல சிதையும். சவ்வாக வார்த்தால் அந்த வேலை இல்லை, தண்ணீரை நேரே ஊடுருவ விடலாம். ஆனால் குறுக்குப்பிணைப்பு கூடக் கூடச் சவ்வு நொறுங்கும்; நெகிழ்வுக்காகப் பாலியூரித்தேன் போன்றவற்றைச் சேர்ப்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிநீரில் தனியொரு பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் அட்ரசினுக்கு 3 மைக்ரோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டுபிடிக்க, முதலில் அதை ஓரிடத்தில் திரட்டியாக வேண்டும்; அதற்குத்தான் இந்தச் சவ்வு.

முழுத் தொடர் வேண்டுமென்றால் ‘மூலக்கூறு அச்சுப் பலபடிச் சவ்வு’. பேச்சுக்கு ‘அச்சுச் சவ்வு’ போதும். ‘செலக்டிவ்’ என்பதற்குத் ‘தேர்திறன் உள்ள’ என்று எழுதுங்கள், ‘அதை மட்டுமே பிடிக்கும்’ என்று எழுதாதீர்கள். அட்ரசின் குழியில் அதன் பங்காளியான சிமசின் என்ற களைக்கொல்லியும் வந்து உட்காரும். போதாததற்கு, தண்ணீரே ஹைட்ரஜன் பிணைப்புக்குப் போட்டியிடுவதால், கரைப்பானில் காட்டிய தேர்திறன் நீரில் குறைந்துவிடுவதும் உண்டு.