சி.எஸ்.ஆர். சீட்டு எஃப்.ஐ.ஆர். ஆகாது

பேரணாம்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்குத் துணையாகக் காவல் நிலையம் போயிருந்தேன். பஸ்ஸில் மாதக் கணக்கில் பின்னாலேயே வந்து நின்றவன், அன்றைக்கு இறங்கும்போது இடுப்பில் கை வைத்துவிட்டான். முதலில் போன ஸ்டேஷனில், "சம்பவம் நடந்தது எங்க லிமிட் இல்லம்மா, அது திருப்பத்தூர் மாவட்டம்" என்றார்கள். அங்கே போனால், "பஸ் ஏறுன ஊர்லயே குடுங்க" என்றார்கள். மூன்றாம் நாள் ரைட்டர் ஒரு சீட்டை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் அதை நான்காக மடித்து செல்போன் கவருக்குள் வைத்துக்கொண்டு, "அக்கா, கேஸ் போட்டாச்சுல்ல?" என்று கேட்டாள்.

போடவில்லை. அவள் கையில் இருந்தது சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்றால் அதில் குற்ற எண், அதாவது அந்த வழக்குக்கு ஸ்டேஷன் போடும் எண் இருக்கும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். குற்ற எண் இல்லாத தாளை வைத்துக்கொண்டு வழக்கு நடக்கிறது என்று நம்பிக் காத்திருக்கும் பெண்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். சட்டத்தில் தண்டனையை எவ்வளவு கூட்டினாலும், வழக்கு பதிவானால்தான் அது குற்றவாளியைத் தொடும். அதனால் தண்டனைக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். முதலில் பதிவு.

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடப்பில் இருக்கின்றன. நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவை மட்டுமாவது எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், நீங்கள் போய் நிற்கிற ஸ்டேஷன் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பதிவு செய்துவிட்டு, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்பிக்கொள்ள வேண்டும். 2019இல் வேலூரை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்த பிறகு நமக்கு இது ரொம்பவே தேவைப்படுகிற பிரிவு. குடியிருப்பது ஒரு மாவட்டம், வேலை இன்னொரு மாவட்டம் என்பது இங்கே சாதாரணம். காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவில் ரயிலில் நடந்தாலும் இதே விதிதான். எல்லை பார்த்து அலைவது புகார் கொடுத்தவளின் வேலை இல்லை.

நேரில் போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. மின்னஞ்சல் போன்ற வழிகளில் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் அது பதிவாகும். 2022 மார்ச்சில் வேலூர் பாலாற்றங்கரையில் நடந்த கூட்டு வன்கொடுமை நம் ஊரையே உலுக்கியது. ஆன்லைனில் வந்த புகாரில்தான் அந்த வழக்கும் பதிவானது. 2025 ஜனவரியில் வேலூர் மகிளா நீதிமன்றம் நான்கு பேருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை கொடுத்தது.

பாலியல் குற்றப் புகாரைப் பெண் அதிகாரிதான் எழுதி வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு என்று பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைக்கவும் கூடாது, அவள் இருக்கும் வீட்டுக்குத்தான் வர வேண்டும். இது நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு. "நாளைக்குக் காலையில வாம்மா" என்று போன் வந்தால், வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு நுணுக்கம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு போலீசார் 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். பின்தொடர்வது, கை வைப்பது எல்லாம் இந்த வகையில் வரும். ஆகவே சி.எஸ்.ஆரில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 14 நாள் தாண்டியும் குற்ற எண் வரவில்லை என்றால் பேசாமல் இருக்காதீர்கள். பாலியல் வன்கொடுமைப் புகாருக்கு இந்த 14 நாள் கணக்கே கிடையாது, உடனே பதிய வேண்டும்.

பதிய மறுத்தால்? புகாரை அப்படியே எழுதி எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, பெண்ணின் மானத்தைக் குலைக்கக் கை வைப்பது போன்ற குற்றங்களில் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரியே குற்றவாளி ஆகிறார். நியாய சன்ஹிதா 199ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல். 2012 டெல்லி பஸ் கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு, நீதிபதி வர்மா குழு அறிக்கையை ஒட்டி 2013இல் கொண்டுவந்த திருத்தத்தில் பிறந்த விதி இது. 2013 முதல் வந்த மாற்றங்களிலேயே பெரியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த ஷூ கம்பெனிப் பெண்ணின் புகாரில் இந்தப் பிரிவையும் ஒரு வரி சேர்த்து எழுதி எஸ்.பி.க்கு அனுப்பினோம். பத்து நாளில் ஒரு பெண் எஸ்.ஐ. அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார்.

இப்போது தண்டனை. மத்தியச் சட்டப்படி பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். மானத்தைக் குலைக்கக் கை வைத்தால் 1 முதல் 5 ஆண்டு. பின்தொடர்ந்தால் முதல் முறை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. செல்போனிலும் இணையத்திலும் வேவு பார்ப்பதும் பின்தொடர்வதுதான். "வேண்டாம்" என்று தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்ந்தான் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும், அதனால் அந்த மெசேஜ்களை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். தமிழக சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றிய திருத்த மசோதா, வன்கொடுமைக்கான குறைந்தபட்சத் தண்டனையை 14 ஆண்டாகவும், பின்தொடர்வதற்கான தண்டனையை முதல் முறைக்கு 5 ஆண்டு வரையும் உயர்த்துகிறது. கூடவே, 1998இல் ஈவ்டீசிங் தடைச் சட்டமாக வந்த மாநிலச் சட்டத்திலும் ஓராண்டாக இருந்த தண்டனையை 5 ஆண்டு வரை கூட்டும் திருத்தத்தை நிறைவேற்றியது.

வன்கொடுமை நடந்திருந்தால் முதலில் மருத்துவமனை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையாக இருந்தாலும் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் உடனே, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். "எஃப்.ஐ.ஆர். எங்கே" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால் பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறை. அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காகிதப் பையில் வையுங்கள். ஈரம் நின்றால் தடயம் கெட்டுவிடும். சோதனைக்கு அந்தப் பெண்ணின் சம்மதம் வேண்டும். பெண் ஏற்கனவே பாலுறவுப் பழக்கம் உள்ளவளா என்று விரலை விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்யக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

"பேரு வெளிய வந்துடுமே" என்கிற பயத்தில்தான் பாதி அம்மாக்கள் புகாரே வேண்டாம் என்கிறார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவைத் தட்டி விடுகிறவனுக்கும் இது பொருந்தும். "ஊர்ப் பெரியவங்க வச்சுப் பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்லி வருகிறவர்களிடமும் சொல்லுங்கள்: இந்தக் குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போனில் என்றால் 15100. இழப்பீட்டு மனுவும் அங்கேதான். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டத்தில் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம் ரூபாய், கூட்டு வன்கொடுமைக்கு 5 முதல் 10 லட்சம் என்று வைத்திருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால நிவாரணம் கேட்கலாம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இணைய மிரட்டலுக்கு cybercrime.gov.in தளம். மனுவோடு எஃப்.ஐ.ஆர். நகலைத்தான் இணைக்க வேண்டும். சி.எஸ்.ஆர். சீட்டை எடுத்துக்கொண்டு போனால் அங்கேயும் முதல் கேள்வி குற்ற எண் என்ன என்பதாகத்தான் இருக்கும்.