தரையிறங்கிய ராக்கெட்டை முதலில் தொடுவது யார்?

2011 வரை பறந்த அமெரிக்காவின் விண்வெளி ஓடமான ஷட்டில், ஓடுபாதையில் வந்து நின்றதும் யாரும் மாலையோடு ஓடிப் போய்விட முடியாது என்ற நிலை இருந்தது. தலைமுதல் கால்வரை மூடிய உடையும் தனிக் காற்றுமாகச் சிலர் மட்டும் கருவியோடு கிட்டே போய், எங்காவது நச்சு ஆவி கசிகிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வழி.

காரணம், அதன் சிறு எஞ்சின்களில் இருந்த மோனோமெத்தில் ஹைட்ரசீன் என்ற எரிபொருளும், அதை எரிய வைக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடும். இந்த ஜோடி தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டாம், குளிரூட்டாமலே மாதக்கணக்கில் டாங்கில் கிடக்கும். எஞ்சினியருக்கு இதைவிடச் சௌகரியம் ஏது? நம் பிஎஸ்எல்வியின் இரண்டாம் அடுக்கில் இருக்கும் விகாஸ் எஞ்சினும் இதே குடும்பம்தான். ஆனால் திரும்பி வரும் ராக்கெட்டில், ஒவ்வொரு முறையும் மிச்சத்தை வடித்து, குழாயைக் கழுவி, வால்வைக் கழற்ற அந்த உடையை மாட்டியாக வேண்டும். மறுபயன்பாட்டில் மிச்சம் பிடித்த காசு இங்கேதான் கரைகிறது.

சரி, மாற்று? புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் கிடைப்பது 3%. அதையே 90% அளவுக்குச் செறிவாக்கி வெள்ளிக் கம்பிவலை வழியாகச் செலுத்தினால் நீராவியும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து, சுமார் 750 டிகிரி செல்சியஸில் சீறும். அதில் மண்ணெண்ணெயைத் தெளித்தால் தானே எரியும். 1971-ல் பிரிட்டனின் பிளாக் ஏரோ ஒரு செயற்கைக்கோளை ஏற்றியது இப்படித்தான். ஆவியைக் கண்டு அஞ்சவேண்டிய அளவு குறைவு என்பதற்காக இது சாது என்று நினைக்க வேண்டாம்: டாங்கில் அழுக்கோ துருவோ பட்டால் உள்ளேயே பிரியத் தொடங்கிவிடும். 2000-ல் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கி 118 பேரோடு போனதற்குக் காரணம், டார்பிடோவில் இருந்த இதே பெராக்சைடு.

பெரிய எஞ்சின்களுக்கு என் ஓட்டு திரவ ஆக்சிஜனும் மீத்தேனும். மண்ணெண்ணெயைப் போலக் கரி படியாது, இறங்கியபின் டாங்கில் மிச்சமிருப்பது தானே ஆவியாகிப் போய்விடும். தீப்பற்றும் அபாயம் இருக்கிறது, நஞ்சு இல்லை. ஆனால் கடுங்குளிரில் வைத்தால்தான் இரண்டும் திரவமாக இருக்கும், அதனால் மாதக்கணக்கில் காத்திருந்து கண நேரத்தில் பற்றவேண்டிய இடத்துக்கு லாயக்கில்லை.

மறுபடி பறக்கும் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் விண்கலம் இன்னமும் அந்தப் பழைய ஜோடியை விடாததும் அதனால்தான், ஆபத்தில் தப்பிக்கும் எஞ்சின் நொடியில் எரிய வேண்டுமே. 2020 ஆகஸ்டில் இரண்டு வீரர்களோடு அது மெக்சிகோ வளைகுடாவில் இறங்கியபோது, வேடிக்கை பார்க்க வந்த படகுகள் சுற்றி நின்றன. டெட்ராக்சைடு ஆவி தென்பட்டதால், அது கலையும்வரை கதவைத் திறக்கவே இல்லை.