வளையல் முழங்கைக்கு ஏறும்வரை காத்திருக்காதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒரு பாட்டி. இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். "சாப்பாடு எப்படி?" என்று மகனிடம் கேட்டேன். "மூணு வேளையும் கஞ்சி, நல்லாத்தான் குடிக்கிறாங்க டாக்டர்." பாட்டியின் கையைத் தூக்கினேன். வளையல் முழங்கைவரை வழுக்கி ஓடியது. "தீபாவளிக்கே அப்படித்தான் இருந்தது. வயசாச்சில்ல?"

இந்த 'வயசாச்சில்ல'வைக் கேட்டுச் சலித்துப்போனேன். வயதானால் தசை குறையும், சரி. அது வருடக்கணக்கில் மெதுவாக நடப்பது. 50 கிலோ இருந்தவர் 6 மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தாலே நாங்கள் காரணம் தேடுவோம். அதை மூப்பு என்று ஒதுக்காதீர்கள்.

அப்புறம் அந்தக் கஞ்சி. ஒரு டம்ளர் நீர்த்த கஞ்சியில் இருப்பது ஒரு பிடி அரிசி, மீதி தண்ணீர். மூன்று டம்ளரும் சேர்ந்து தரும் புரதம் ஒரு முட்டைக்குச் சமம், ஏறக்குறைய 6 கிராம். 45 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 45 கிராம் வேண்டும். வயிறு நிறைந்திருக்கும், உடம்பு பட்டினி கிடக்கும். புண் எப்படி ஆறும்?

எடை பார்க்க முடியாதவர்களிடமும் அடையாளம் தெரியும். மோதிரத்துக்கு நூல் சுற்ற வேண்டியிருக்கும். பல்செட் ஆடும். நெற்றிப்பொட்டு குழியும், தோள் எலும்பு துருத்தும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் தையல் டேப்பைச் சுற்றுங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பாதீர்கள். நீர் கோத்திருப்பதைப் பார்த்து 'சதை போட்டிருக்கு' என்று சந்தோஷப்பட்ட வீடுகளும் உண்டு.

பாதித் தட்டில் 'போதும்' என்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். வாய்ப்புண், மலச்சிக்கல், மனச்சோர்வு, பசியைக் குறைக்கும் மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ புரை ஏறினாலோ உடனே காட்டுங்கள். இன்னொன்றை அவர்களாகச் சொல்லவே மாட்டார்கள். மலஜலத்துக்கு மருமகளைக் கூப்பிடக் கூச்சப்பட்டுச் சாப்பாட்டையும் தண்ணீரையும் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். எத்தனையோ அம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கஞ்சிதான் இறங்குகிறது என்றால் கெட்டியாக வையுங்கள். பாசிப்பருப்பு, பால், ஒரு ஸ்பூன் நெய் சேருங்கள். முட்டை சாப்பிடுபவருக்கு மசித்துக் கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு முறை. நிமிர்த்தி உட்கார வைக்காமல் ஊட்டவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரதத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள். பல நாள் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பார்த்துக்கொள்பவர்கள் ஏற்கனவே களைத்திருக்கிறீர்கள், தெரியும். மாதம் ஒருமுறை, குளிப்பாட்டும் நாளில், அந்த டேப் அளவை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வாருங்கள்.