வேரியன்ட்: மரபணுத் திரிபு

தசைநோய்க்கான மரபணுப் பரிசோதனை அறிக்கையில் 'வேரியன்ட்' என்று கண்டதுமே, "ஜீன்ல கோளாறாம்" என்று வீட்டில் பேச்சு பரவிவிடும். அந்தச் சொல் கோளாறு எதையும் சொல்லவில்லை. ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மாதிரி வரிசையிலிருந்து இவருடைய டி.என்.ஏ. இந்த இடத்தில் வேறுபடுகிறது, அவ்வளவுதான்.

வேறுபடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. முன்பெல்லாம் நோய் தந்தால் 'மியூட்டேஷன்', தராவிட்டால் 'பாலிமார்பிசம்' என்று பலரும் கொள்வார்கள். இதனால் வந்த குழப்பத்தைத் தவிர்க்க, அமெரிக்க மருத்துவ மரபியலாளர்களின் 2015 வழிகாட்டுதல் எல்லாவற்றையும் 'வேரியன்ட்' என்றே அழைத்து, முன்னால் ஓர் அடைமொழி சேர்க்கச் சொன்னது: நோய் தரும், பெரும்பாலும் நோய் தரும், பொருள் தெளிவாகாத, பெரும்பாலும் தீங்கற்ற, தீங்கற்ற. இரண்டாவதற்கே 90 சதவீதத்துக்கு மேல் உறுதி வேண்டும்.

தமிழில் 'சடுதிமாற்றம்', இலங்கையில் 'விகாரம்' என்பவை மியூட்டேஷனுக்கு வழங்குபவை. தலைமுறை தலைமுறையாக வருவதைச் சடுதி என்பது பொருந்தாது. விகாரம் இலக்கணத்தில் நல்ல சொல்தான். நோயாளியின் காதில் அசிங்கமாக விழும். 'மாறுபாடு' பொதுநிலையைச் சொல்லும். ஓரிடத்தில் கண்ட ஒன்றைச் சுட்டத் 'திரிபு' கச்சிதம். இரு சொற்கள் சேரும்போது எழுத்தில் நேரும் தோன்றல், திரிதல், கெடுதல் என்ற புணர்ச்சி விகாரம் மூன்றும் டி.என்.ஏ.வில் எழுத்து நுழைவது, மாறுவது, விடுபடுவது மூன்றுக்கும் அப்படியே பொருந்தும். கறாராகப் பார்த்தால் திரிதல் அவற்றில் ஒன்றுதான். பொதுப்பெயராகத் திரிபைக் கொள்வதில் பெரிய தடையில்லை.

கெடுதலிலும் வகை உண்டு. தசையைக் காக்கும் புரதத்துக்கான டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் 79 எக்ஸான்களில் (புரதத்துக்கான செய்தி உள்ள துண்டுகளில்) 45ஆவது மட்டும் விடுபட்டால் 176 எழுத்துகள் போகும். புரதம் செய்ய எழுத்துகள் மும்மூன்றாகவே வாசிக்கப்படும். 176 மூன்றால் வகுபடாததால் இந்த வாசிப்புச் சட்டகம் குலைந்து, வழக்கமாக டுஷேன் என்ற கடுமையான தசைச்சிதைவு நோய் வரும். 45 முதல் 47 வரை போனால் இழப்பு 474 எழுத்துகள். அது வகுபடும், புரதம் குட்டையானாலும் வேலை செய்வதால் பெரும்பாலும் அதே நோயின் லேசான பெக்கர் வகையோடு நிற்கும். இழப்பின் நீளம் மட்டும் தீவிரத்தைச் சொல்லாது.

திரிதலுக்கு, ஜி.என்.இ. என்ற மரபணுவின் பழுதால் வரும் தசைநோயான ஜி.என்.இ. மயோபதி நல்ல எடுத்துக்காட்டு. பாதம் தொங்கத் தொடங்கி, தொடையின் முன்தசை நெடுநாள் தப்பிநிற்கும் நோய் இது. இந்திய நோயாளிகளிடம் அடிக்கடி காணும் திரிபில் புரதத்தின் 727ஆம் இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் மெத்தியோனின் ஆகிறது. பழைய அறிக்கைகளில் இதே திரிபு 696 என்றிருக்கும். ஒரே மரபணு வெவ்வேறு நீளப் புரதப் படிவங்களைத் தரும்; அங்கே எண்ணத் தொடங்கிய படிவம் வேறு, நடுவே 31 அமினோ அமிலம் வித்தியாசம். படிவ எண்ணைப் பார்க்காமல் தேடினால் 'புதிய திரிபு' என்று தவறாக எழுத நேரும்.

இந்நோய் வர, அப்பா, அம்மாவிடமிருந்து ஒவ்வொன்றாக வந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும். அறிக்கையில் இரண்டு திரிபுகள் இருந்தாலே முடிவு கட்டக் கூடாது. இரண்டும் அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்தே வந்திருந்தால் மற்றப் பிரதி நலமாகவே இருக்கும். அப்பா, அம்மா இருவரின் இரத்தத்தையும் சோதித்தால் இது தெரியும்.

அதிகம் தடுமாற வைப்பது 'பொருள் தெளிவாகாத திரிபு'. இதைப் பாதி நோய் என்று படிக்கிறார்கள். ஆதாரம் போதவில்லை என்பதே அர்த்தம். பலருடைய மரபணுக்களைத் தொகுத்த தரவுத்தளத்தில் அரிது என்பதும் கணினி 'கேடு' என்று கணிப்பதும் மட்டும் போதா. இந்தியர் மாதிரிகள் குறைவாக இருப்பதால் சாதாரணத் திரிபுகூட அரிதாகத் தோன்றும். பொருள் தெளிவாகாத திரிபை வைத்துக் கருவைச் சோதிப்பதோ, உறவினருக்கு நோய் வரும் என்பதோ கூடாது. சில ஆண்டுகள் கழித்து அதே தரவை மறுபடி ஆய்வுசெய்யக் கேட்கலாம். இரத்தம் திரும்ப எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது.